வடக்கே பார்த்தால் நான் நேர்

படிவம் நிரப்பும்போது பொய் சொல்லாத மனிதர் உண்டா என்று தெரியவில்லை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் வாசித்தல்' என்று எழுதியவர்கள் எல்லாம் உண்மையிலேயே வாசித்திருந்தால் இந்த நாட்டில் நூலகங்களில் உட்கார இடம் கிடைத்திருக்காது. நான் சொன்ன பொய் சின்னது. மூன்றே எழுத்து. 'உடல் குறைபாடு ஏதேனும் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று எழுதினேன். அந்த மூன்று எழுத்து ஆறு பேரை மணலில் சாய்த்து, ஒரு தாம்பாளத்தைக் கடலுக்குள் அனுப்பியது.

பிறந்ததிலிருந்தே என் இடது கால் வலது காலைவிட ஒன்றரை அங்குலம் கட்டை. அடிப்பாகம் தடித்த ஷூ போட்டால் சமாளித்துவிடுவேன். ஷூ இல்லாத நேரங்களுக்கு என் அம்மா ஒரு வித்தை வைத்திருந்தாள். விளாத்திகுளத்தில் எங்கள் வீட்டில் எடுத்த எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் நான் நேராக நிற்பேன். உற்றுப் பார்த்தால் என் இடது காலுக்கடியில் ஒரு செங்கல் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று செங்கல் வைக்க முடியாதே? நிலைப்படியில் இடது காலை ஊன்றி நிற்கச் சொன்னாள். நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை, "ஏளா, இங்கன வந்து உக்காரு" என்றாள். நாலு எட்டு நடந்தேன். காபி தட்டில் கொட்டியது, அதோடு சம்பந்தமும் போயிற்று. இந்தக் காலால் எனக்கு லாபம் ஒன்றுதான்: எந்த ஊருக்குப் போனாலும் எந்த இடத்தில் எது மேடு, எது பள்ளம் என்று முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

முப்பத்திரண்டு வயதில் தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தேன். துறைமுகத்துச் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் அலுவலகம். அங்கே எனக்குப் பெயர் கிடையாது, 'டாக்குமென்ட் மேடம்'தான். பெண்கள் விடுதியில் என்னோடு அறையில் இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். காலியான கட்டிலில் என் துணிகளை மடித்து வைத்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை அலுவலகத்தில் 'குட் மார்னிங்' சொன்னபோது தொண்டை கரகரத்தது. ஏன் என்று யோசித்தேன். சனிக்கிழமை மதியத்திலிருந்து நான் பேசியது மொத்தமே, "ரெண்டு பரோட்டா, சால்னா தனியா" மட்டும்தான். (பரோட்டாக் கடை அண்ணாச்சி திரும்ப என்னிடம் எதுவும் பேசவில்லை. பரோட்டா நன்றாக இருந்தது.)

அந்த வாரக் கடைசியில் காலையில் கடற்கரைக்குப் போனேன். வெள்ளை உடுப்பில் ஒரு கூட்டம் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் கையை நீட்டி, ஒரே குரலில் கத்தியது. தற்காப்பு, வீரம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. யாரோடாவது சேர்ந்து கத்த வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

நான் யோக்கியமானவள் என்பதால் முதலில் உண்மையைச் சொல்லித்தான் சேரப் பார்த்தேன். ஊருக்குள் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஒரு கராத்தே பள்ளிக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைப் பார்த்தார்.

"மேடம், உங்களுக்கு யோகா நல்லா செட்டாகும். இங்க எல்லாம் அடிதடி."

"நான் அடிதடிக்குத்தான் சார் வந்தேன்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

என் நல்லதுக்காக என்னைத் திருப்பி அனுப்பியவர்களை வரிசையாக நிறுத்தினால் விளாத்திகுளம் வரைக்கும் நிற்பார்கள். அன்று விடுதிக்கு வந்து அந்தக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடற்கரை வகுப்புக்குப் போய் அந்த மூன்று எழுத்தை எழுதினேன்.

கடற்கரை வகுப்பை நடத்தியவள் ரெஜினா. என்னைவிட ஆறு வயது இளையவள். குரல் மட்டும் கப்பல் சங்கு மாதிரி. வகுப்புக்கு வெளியே என்னை "யக்கா" என்பாள், வகுப்புக்குள் "செல்வி! கை எங்க போகுது?" என்று கத்துவாள். என் பெயரை அந்த ஊரில் ஒருத்தி கத்திக் கூப்பிடுகிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வெறுங்காலோடு நிற்க வேண்டுமே, எப்படித் தப்பித்தாய் என்று கேட்பீர்கள். இங்கேதான் அம்மாவின் பயிற்சி கை கொடுத்தது. எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. மணல் கிழக்குப் பக்கமாகச் சரியும். ரெஜினா வடக்கே நின்று சொல்லிக்கொடுப்பாள். நாங்கள் வடக்கே பார்த்து நிற்போம். அப்படி நின்றால் என் இடது கால் மேட்டில், வலது கால் பள்ளத்தில். கட்டைக் காலுக்கு மேடு, நெட்டைக் காலுக்குப் பள்ளம். அலையிலிருந்து பத்தடி தள்ளி, கடவுள் எனக்கென்றே ஒன்றரை அங்குலம் சாய்த்து வைத்திருந்தார். வடக்கே பார்த்தால் நான் தூத்துக்குடியிலேயே நேரான பெண். நடந்தாலும் தெரியாது. மணலில் எல்லோரும் என்னைப் போலத்தான் நடக்கிறார்கள்.

ஆனால் ஷூவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் யாரும் பார்க்கக் கூடாது. அதனால் எல்லோருக்கும் முன்னால் வருவேன். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் சேர்ந்து ரோட்டோர டீக்கடைக்குப் போவார்கள். நான் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன், கடைசி ஆள் போகும் வரைக்கும்.

"யக்கா, டீ குடிக்க வரலியா?" என்று முதல் வாரம் கேட்டார்கள். தலையாட்டினேன். இரண்டாம் வாரமும் கேட்டார்கள். மூன்றாம் வாரம் யாரோ யாரிடமோ, "தொந்தரவு பண்ணாதிய, அக்கா தியானம் பண்ணுதாவ" என்று சொல்வது காதில் விழுந்தது. அதன்பிறகு கேட்கவில்லை. அவர்கள் சிரிப்புச் சத்தம் ரோட்டிலிருந்து கேட்கும். நான் தியானத்தில் இருப்பேன். தனியாக இருக்க முடியாமல் வகுப்பில் சேர்ந்து, சேர்ந்த இடத்திலும் தனியாக உட்காருவதற்கு வழி கண்டுபிடித்த புத்திசாலி நான் ஒருத்திதான்.

வரிசையில் எனக்குப் பக்கத்து இடமும் சரியில்லை. புதியவர்கள் ஏழு பேர். நான் மேற்குக் கோடியில். எனக்கு வலப்பக்கம் பால்ராஜ் அண்ணாச்சி, தபால் துறையில் ஓய்வு பெற்றவர். டாக்டர் நடக்கச் சொன்னாராம். நடப்பது சலிப்பாக இருக்கிறதென்று கராத்தேக்கு வந்துவிட்டார். நான் ஒவ்வொரு வகுப்பிலும் மெதுவாக, "குட் மார்னிங் அண்ணாச்சி" என்பேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள்கூடப் பதில் சொன்னதில்லை. என் கால் அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் முகம் கொடுக்கவில்லை என்று முடிவு கட்டி, மூன்று மாதம் அவரை மனதுக்குள் உதைத்துக்கொண்டிருந்தேன். என் உதையில் நல்ல வேகம் வந்ததற்கு அவர்தான் காரணம்.

மூன்றாம் மாதம் மஞ்சள் பெல்ட் தேர்வு. நின்ற இடத்தில் பத்துக் குத்து, பத்து உதை, அவ்வளவுதான். தேர்வு வைக்க வெளியூரிலிருந்து பெரிய மாஸ்டர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு பெல்ட், அதற்கு மேலே நல்ல தொப்பை. ஏழு மஞ்சள் பெல்ட்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கி, நடுவில் ஒரு தேங்காயும் வைத்து, வரிசையின் கடலோரக் கோடியில் ஸ்டூல் மேல் ரெஜினா வைத்திருந்தாள். வடக்குப் பக்கம் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் சரியாக இருந்தது.

பெரிய மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்தார். எங்களுக்குத் தெற்கே ஒரு வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அதன் நிழலைப் பார்த்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். இடது கால் இப்போது பள்ளத்தில். கட்டைக் கால் ஒன்றரை, பள்ளம் ஒன்றரை, ஆக மூன்று அங்குலம். கடல் என்னைப் பக்கவாட்டில் இழுப்பது போலிருந்தது. 'வயிற்றுவலி' என்று சொல்லி ஓடியிருக்கலாம். ஆனால் அந்தப் பெல்ட் எனக்கு வேண்டும். வரிசையிலேயே இருக்க வேண்டும். குத்துகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். உதைக்கு ரெஜினா எண்ணத் தொடங்கினாள்.

முதல் உதையிலேயே பெரிய மாஸ்டரை அசத்திவிட வேண்டும் என்று, மூன்று மாத ஆத்திரத்தையும் சேர்த்து வலது காலை வீசினேன். கால் அழகாகத்தான் போனது. நான் வேறு பக்கம் போனேன். பால்ராஜ் அண்ணாச்சி மீது மொத்தமாகச் சாய்ந்தேன். அவரும் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். அவர் அடுத்தவர் மீது, அடுத்தவர் அதற்கடுத்தவர் மீது. ஏழு பேரும் ஒற்றைக் காலில் நிற்கும் வரிசையை, அதுவும் சரிவில், சாய்ப்பதற்குக் கராத்தேயே தேவையில்லை. கடைசியில் நின்ற கல்லூரிப் பெண் ஷர்மிளா ஸ்டூல் மேல் விழுந்தாள். தாம்பாளம் பறந்தது. தேங்காய் தண்ணீருக்குள் உருண்டது. ஏழு மஞ்சள் பெல்ட்டும் அலையில் மிதந்து இலங்கைக்குக் கிளம்பின.

பெல்ட்டுகளை எல்லோரும் பிடித்துக்கொண்டு வந்தபிறகு (ஆறுதான் கிடைத்தது), பெரிய மாஸ்டர் என்னை நேராக நிற்கச் சொன்னார். நின்றேன். "நேரா நில்லும்மா." அதுதான் என் நேர். அவர் என் காலைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "இல்லைன்னு எழுதியிருக்கு?"

ரெஜினா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "யக்கா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பியா?"

அவள் உடனே 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தாள். "தெரியலக்கா," என்றாள்.

அப்போது ஷர்மிளா ஈரம் சொட்டச் சொட்டக் கையைத் தூக்கினாள். "மாஸ்டர், நானும் இல்லன்னுதான் எழுதினேன். கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க முகத்த நான் இன்னும் சரியா பாத்ததில்ல."

தலையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்த பால்ராஜ் அண்ணாச்சி, "எல்லாரும் சொல்லுதியளா? அப்ப நானும் சொல்லிருதேன். எனக்கு இடது காது அவுட்டு. ரெஜினா பிள்ள எண்ணுதது பாதி கேக்காது. பக்கத்துல நிக்குத பிள்ள உதைக்கும், நானும் உதைப்பேன்" என்றார்.

வடக்கே பார்த்து நிற்கும்போது நான் அவருக்கு இடப்பக்கம். மூன்று மாதமாக நான் செவிட்டுக் காதுக்குத்தான் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏம்மா ரெஜினா, நீ நடத்துறது கராத்தே கிளாஸா, தர்மாஸ்பத்திரியா?" என்றார் பெரிய மாஸ்டர். பிறகு என்ன நினைத்தாரோ, குரல் இளகியது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பில் என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மற்றவர்களின் செருப்புக்குக் காவல் போட்டு, கடைசியில் முழு மதிப்பெண் போட்ட குரல் அது. "சரி, பரவாயில்ல. இவ்வளவு தூரம் முயற்சி பண்ணியிருக்காங்க. ஒரு பெல்ட்டக் கட்டி போட்டோ எடுத்துருவோம். நாலு பேருக்கு ஊக்கமா இருக்கும்."

அப்படிக் கிடைக்கும் பெல்ட் எனக்கு வேண்டாம்.

ரெஜினா குறுக்கே வந்தாள். "மாஸ்டர், உதைக்கும்போது விழுந்தா என்ன?"

"ஃபெயில்."

"அப்ப செல்வி ஃபெயில். அடுத்த தடவ எழுதட்டும்."

அவள் 'யக்கா' என்று சொல்லவில்லை, செல்வி என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தோற்றதற்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். என் முப்பத்திரண்டு வருடத்தில் என்னை முதன்முதலாக ஃபெயில் ஆக்கியவள் அவள்தான். இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கலாமா என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், சேர்க்க வேண்டும். விழுந்தால் ஃபெயிலும் போட வேண்டும்.

அன்று எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். "இன்னைக்குத் தியானம் கிடையாதா?" என்று ஷர்மிளா கேட்டாள். (கண்ணாடி போட்டிருந்தாள்.) டீக்கடைக்குப் போனோம். டீயில் சீனி அதிகம். இரண்டு குடித்தேன்.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "நாசமாப் போச்சு" என்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் செங்கல் கிடையாது. போட்டோ எடுப்பவர் தயாரானதும், "ஏளா, வடக்க பாத்து நில்லு" என்று கூட்டத்திலிருந்து நாலு குரலாவது வரும். எங்கள் ஊரில் கடலும் இல்லை, சரிவும் இல்லை. நான் சாய்ந்தேதான் நிற்கிறேன். போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

விடுதி அறை அதே அறைதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. ஆனால் காலையில் ரெஜினா பாதி நேரம் வடக்கேயும் பாதி நேரம் தெற்கேயும் நிற்க வைக்கிறாள். தெற்கே பார்த்தால் நான் அண்ணாச்சியின் வலப்பக்கம், அவருடைய நல்ல காதுப் பக்கம். இரண்டாம் தடவையும் விழுந்தேன். மூன்றாம் தடவை மஞ்சள் பெல்ட் கிடைத்தது. பயிற்சியில் இப்போதும் விழுகிறேன். திரும்பி நின்றதும் அண்ணாச்சி காலை அகட்டி, தோளை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொல்வார்:

"ஏளா செல்வி, விழப்போறன்னா முன்னாடியே சொல்லு. இந்தக் காது கேக்கும்."