ஆணி காலி என்றால் ஆள் உள்ளே

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். அந்தச் செய்தி கடைசிவரை போய்ச் சேராத ஒரே மனிதர் எங்கள் லைனில் இருந்தார். அவர் பெயர் டோக்கன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பாலகாட் பக்கம், ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில், டோக்கன் ரூமில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். உடனே தேட இறங்குவார்கள். இந்தக் காலி ஆணிகளைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தவர் டோக்கன். வேலை போன பிறகு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? எங்கள் உயிரை வாங்க வந்தார்.

எங்கள் லைன் என்பது கம்பெனி கட்டிக்கொடுத்த தொழிலாளர் வீடுகளின் வரிசை. அதன் கோடியில் கம்பெனி காலத்துச் சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சின்ன ஆஸ்பத்திரி, பொதுக் கழிப்பறை எல்லாவற்றுக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான். பயன்படுத்த எல்லோரும் உண்டு, பார்த்துக்கொள்ள ஒருவரும் கிடையாது. மோட்டார் பழுதானால் பள்ளிக்கூடம் நகரசபையைக் கைகாட்டும். நகரசபை, இடம் கம்பெனியுடையது என்று கைகாட்டும். கம்பெனி மூடிக் கிடந்தது. எங்கள் வீடுகளுக்கு வேறு குழாய் என்பதால், அது நம் தண்ணீர் இல்லை என்று நாங்களும் நிம்மதியாகக் கைகாட்டினோம்.

தலைமை ஆசிரியை அம்மா ஒருநாள் டோக்கனிடம் வாயை விட்டுவிட்டார். "தண்ணி இல்லாம பாத்ரூமைப் பூட்டி வெச்சிருக்கேன். பெரிய பொண்ணுங்க பாதி நாள் வர்றதில்ல. மேல இருந்து ஆள் வந்து பார்த்தா, ஸ்கூலை மூடி ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலோட சேர்த்துடுவாங்க."

மறுநாள் காலை மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை முளைத்தது. பலகை முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தகர வில்லை, அதில் வீட்டு நம்பர். முதல் ஆணியில் மட்டும் பழைய பித்தளை வில்லை. அது அவருடையது, சுரங்கத்திலிருந்து கூடவே வந்தது.

"இன்னா மாமா இது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஷிஃப்ட்டுபா. வூட்டுக்கு ஒரு நாள். டோக்கன எடுத்தா நீ உள்ள கீறே. மோட்டார் போடு, தொட்டி ரொப்பு, ஸ்கூலு வால்வத் தொற, ஆஸ்பத்திரி வால்வத் தொற, மூடு, மாட்டு, போ. மாட்டாம போனா நீ இன்னும் உள்ள கீறேன்னு அர்த்தம்."

"நான் பெங்களூரு டிரெயினைப் பிடிக்கணும் மாமா."

"சீக்கிரம் எந்திரி."

அவ்வளவுதான் பேச்சு. இந்த ஆள் யார், எங்களுக்கு ஷிஃப்ட் போட? நான் கேட்டேன், லைனே கேட்டது. அவரிடம் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஏனென்றால் அவர் கையில் ஒரு தண்டவாளத் துண்டும் சுத்தியலும் இருந்தன. முறை வந்தவன் எழுந்து வராவிட்டால் அவன் ஜன்னலுக்கு நேராக நின்று அடிப்பார். அடித்துக்கொண்டே இருப்பார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களே வந்து அவனை எழுப்பித் துரத்துவார்கள்.

காய்ச்சல் என்று ஒருத்தர் சொல்லிப் பார்த்தார். "காச்சல்னா சொரங்கத்துல ஆள எறக்குற கேஜ் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, தெர்மாமீட்டரோடு ஆஸ்பத்திரி நர்ஸைக் கூட்டிவந்தார். அந்த நர்ஸுக்கும் ஒரு வில்லை உண்டு என்பது வேறு கதை. நாலாவது வீட்டுப் பையனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று அவர்கள் வீட்டு முறை. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வைத் திருகினான். பெண் வீட்டார் பேத்தமங்களாவிலிருந்து வந்தவர்கள், இங்கே இது ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து அட்சதையைத் தூவிவிட்டார்கள். டோக்கன் அட்சதை தொட்டிக்குள் விழுந்ததற்குச் சத்தம் போட்டாரே தவிர, மாப்பிள்ளையை வாழ்த்தவில்லை.

நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தோம். ஆனால் பள்ளிக்கூட பாத்ரூம் பூட்டு கழன்றது. என் மகள் அங்கே ஐந்தாம் வகுப்பு. "அப்பா, குழாயில தண்ணி வருது" என்று ஏதோ விமானம் வந்தது போலச் சொன்னாள். அது எங்களால் வருகிறது என்று ஒப்புக்கொள்ள மட்டும் எனக்கு மனசில்லை.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. தண்ணீர் வசதியைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை வைப்பதா, சேர்ப்பதா என்று எழுதப்போகிறார். சேர்த்துவிட்டால் என் மகள் தினமும் ஹைவேயைத் தாண்ட வேண்டும். லாரிகள் அங்கே யாருக்கும் நிற்பதில்லை.

அதிகாரி வருகிற அன்று காலை யாருடைய முறை? என்னுடையது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வந்த தூசி விழுந்திருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பார்த்தேன். தொட்டி தளும்பத் தளும்ப நிரம்பியது. மோட்டாரை அணைத்தேன். அதற்குள் டிரெயினுக்கு நேரமாகிவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த ஷூவை அங்கேயே மாட்டிக்கொண்டு, செருப்பை ஏணிக்குக் கீழே விட்டுவிட்டு ஓடினேன். வில்லை என் சட்டைப் பையில்.

கொஞ்ச நேரத்தில் டோக்கன் வந்திருக்கிறார். ஆணி காலி. ஏணிக்குக் கீழே என் செருப்பு. தொட்டி நிறையத் தண்ணீர்.

மற்ற எந்த ஊரிலும், சரி, மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் காலி ஆணிக்கு ஒரே அர்த்தம்தான். அவர் தொட்டிக்குள் தலையை விட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். எதிரொலி வந்ததாம். அதை என் முனகல் என்று முடிவு செய்து, தண்டவாளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். லைனே ஓடிவந்தது.

என் மனைவி பதறிப்போய்ச் சொன்னாள். "மாமா, அவரு டிரெயினுக்குப் போயிருப்பாரு."

"டிரெயினுக்குப் போறவன் மாட்டிட்டுப் போவான்மா. டோக்கன் இல்ல. அப்ப ஆளு உள்ள கீறான்."

"மறந்திருப்பாரு மாமா."

"உம் புருஷன் மறப்பான். ஆணி மறக்காது."

அவள் எனக்கு போன் போட்டாள். என் போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான், அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். டோக்கன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தொட்டியின் அடி வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். அதிகாரிக்காக நிரப்பி வைத்த அத்தனை தண்ணீரும் சாக்கடையில் போனது. தலைமை ஆசிரியை அம்மா "ஐயோ, ஸ்கூல்! ஸ்கூல்!" என்று கத்தினாராம். "ஸ்கூலு நாளைக்குக் கட்டிக்கலாம்மா, ஆளு முக்கியம்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் ஏணி வழியாகத் தொட்டிக்குள் இறங்கித் தடவிப் பார்த்திருக்கிறார். சேறும், கொஞ்சம் அட்சதையும்தான் கிடைத்தன.

பக்கத்து சீட்டுக்காரரின் போனை வாங்கி, சாயங்காலம் வீட்டுக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்க நான் மனைவிக்கு போன் செய்தேன். டோக்கன் எடுத்தார்.

"எங்க கீறே?"

"டிரெயின்ல, மாமா."

"டோக்கன்?"

பையைத் தடவினேன். தகரம் விரலில் குத்தியது. "பையிலதான் இருக்கு, மாமா" என்றேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "உயிரோட கீறே இல்ல" என்று மட்டும் சொன்னார். பிறகுதான் குரல் பழையபடி ஆனது. "எறங்கு. வந்து மாட்டு."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் டிரெயினைப் பிடித்தேன். ஆபீசில் அன்று என்ன பொய் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

நான் லைனுக்கு வந்து சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. மோட்டார் ஓடாது. தொட்டி காலி. எல்லார் வீட்டு டிரம்மிலும் தண்ணீர் இருந்தது. ஆனால் அது வீட்டுத் தண்ணீர், இது பள்ளிக்கூடத் தண்ணீர். டோக்கன், பலகையிலிருந்த அத்தனை வில்லைகளையும் கழற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். உதவி செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கையில் வில்லையை வைத்து, "உள்ள போ" என்றார். அவ்வளவுதான். கையில் வில்லை வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு யோசனை வராது, அப்பன் பாட்டன் பழக்கம் அது. குடம், பக்கெட், குக்கர் என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ் வந்தார். அங்கன்வாடி ஆயா வந்தார். தலைமை ஆசிரியை அம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஏணியின் நடுவில் நின்று, டோக்கனைத் திட்டிக்கொண்டே குடம் வாங்கி மேலே கொடுத்தார். நான் ஆபீஸ் சட்டையோடு வரிசையில் நுழைந்தேன். டோக்கன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செருப்ப எடுத்துக்கோ" என்றார்.

அதிகாரி வந்தபோது தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. ஆனால் பாத்ரூம் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. அவர் வெளியே வந்து, நனைந்துபோய் நிற்கும் எங்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். இந்தத் தொட்டிக்குப் பொறுப்பு யார் என்று கன்னடத்தில் கேட்டார்.

இத்தனை வருஷமாக எந்த ஆபீசிலும் பதில் கிடைக்காத கேள்வி அது. டோக்கன், பலகையைக் காட்டினார். ஓர் ஆணியிலும் வில்லை இல்லை.

"ஆணி காலி சார். அல்லாரும் உள்ள கீறாங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. தலைமை ஆசிரியை அம்மாவைப் பார்த்தார். டோக்கனைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போயிருந்த அந்த அம்மா, "எல்லரூ, சார்" என்று ஒரே வார்த்தையில் கன்னடப்படுத்தினார். பள்ளிக்கூடம் எங்கேயும் போகவில்லை. என் மகள் ஹைவேயைத் தாண்டவில்லை. எனக்கு மட்டும் மாதக் கடைசி வரை தினமும் ஷிஃப்ட் விழுந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அவருடைய முறையில், கொட்டகையிலேயே அவருக்குத் தலைசுற்றிவிட்டது. அவர் மகள் காரில் வந்து அப்படியே பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். முதல் ஆணி காலியாகவே நின்றது. எங்களைப் பாடாய்ப் படுத்தியவர் தானே மாட்டாமல் போய்விட்டார் என்று லைனில் சிரிப்பான சிரிப்பு.

வேலை முடிந்து ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். வானத்தைத் தொடும் அபார்ட்மெண்ட். ஆள் பாதியாகியிருந்தார். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"இத்தினி வூடு கீது, தண்ணி யாரு உடறாங்கன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியலபா. லிஃப்ட்டாண்ட பலகை மாட்னேன். கழட்டிப் போட்டாங்க."

கிளம்பும்போது தலையணைக்கு அடியிலிருந்து பித்தளை வில்லையை எடுத்து என் கையில் வைத்தார். நம்பர் தேய்ந்திருந்தது.

"கொண்டுபோய் மாட்டிடு. நான் இனிமே அங்க வரப்போறதில்ல. ஆளு மேல வந்துட்டான்னு தெரியணும் இல்ல."

டிரெயினில் வழி முழுக்க அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இந்த மனிதரை நான் திட்டாத வாரம் இல்லை. அவர் இல்லாத லைன் எனக்குப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள் என் முறை. மோட்டார் போட்டேன், வால்வைத் திறந்தேன், மூடினேன், என் தகரத்தை ஒழுங்காக மாட்டினேன். வீட்டுக்கு வந்து சட்டை மாற்றும்போது பித்தளை கீழே விழுந்தது.

மனைவி எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, மாமாவோட டோக்கனை இன்னும் மாட்டலியா?"

வாங்கித் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எப்படி மாட்றது?" என்றேன். "அவரு இன்னும் உள்ளதான் கீறாரு."