சமநிலைக்கு வந்த லிஃப்ட்

செவ்வாய், 14. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கூட்டக் குறிப்பில் ‘பொருளாதார நீதியும் சமூக நீதியும்’ என்று தட்டச்சு செய்தேன். ஒற்றைப்படைத் தேதியில்தான் பொருளாதாரம் முதலில் வரலாம். இரட்டைப்படையில் சமூகம் முந்த வேண்டும். 31-க்கு அடுத்து 1 வரும்போது பொருளாதாரத்துக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கிடைத்துவிடுகிறதே என்று ஓர் உபகுழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய சாதனை எங்கள் கூட்டணிதான் என்பது என் தாழ்மையான கருத்து. வேலையும் வளர்ச்சியும் முதலில் என்பவர் லாரி அண்ணன்; சொந்தமாக லாரிகள் வைத்திருக்கிறார். மானமும் சமத்துவமும் முதலில் என்பவர் பேராசிரியர். இரண்டு கட்சிகளும் கூட்டணிக்குச் சொந்தமான கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஒரே மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து நாட்டைத் தாங்குகின்றன. நான் குறிப்பெடுக்கிறேன். நான் படிக்கும் மாலைநேரச் செயலர் பயிற்சி வகுப்பில் இன்னும் தீர்மானம் எழுதும் பாடம் வரவில்லை. அதனால் நான் எழுதுவது சரிதானா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

இன்று கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா கூட்டத்துக்குள் வந்தார். லிஃப்ட் பக்கத்தில் ‘துப்புரவுப் பணியாளர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்’ என்று ஒரு பலகை இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தார்.

“முட்டி வீங்கிக் கிடக்கு. மாடி ஏறாதேன்னு டாக்டர் சொல்றாரு. ஏறலைன்னா வேலை இல்லைன்னு மேனேஜர் சொல்றாரு. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வர மாட்டேங்கிறாங்க. ஒத்துவராத ஆளுங்களை ஒத்துவர வைக்கிறது உங்க தொழிலாச்சேன்னு வந்தேன்.”

லாரி அண்ணன் உருகிவிட்டார். “முதல்ல வளர்ச்சி வரட்டும்மா. வந்துச்சுன்னா உனக்குன்னு தனி லிஃப்ட்டே போட்டுடலாம்.”

“தனி லிஃப்ட்டா? அதுக்குப் பேரு ஒதுக்கி வைக்கிறது அண்ணே,” என்றார் பேராசிரியர். “அவங்க இதே லிஃப்ட்ல, தலை நிமிர்ந்து ஏறணும். அதுக்கு முதல்ல சமூகத்தோட மனநிலை மாறணும்.”

“எப்ப மாறும் ஐயா?” என்றார் அக்கா.

“ஒரு தலைமுறை ஆகும்மா.”

“அவ்வளவு நாள் முட்டி தாங்காதுங்களே.”

“தாங்காதுதான்,” என்று பேராசிரியர் பரிவோடு ஒத்துக்கொண்டார். இத்தகைய நேர்மையை நான் வேறு எந்தத் தலைவரிடமும் கண்டதில்லை.

பிறகு அக்காவின் முழங்கால் எந்தத் தலைப்பில் வரும் என்ற விவாதம் எழுந்தது. வேலை போகும் ஆபத்து இருப்பதால் பொருளாதாரம் என்றார் அண்ணன். பலகை இழிவு செய்வதால் சமூகம் என்றார் பேராசிரியர். ‘அந்தப் பலகையைக் கழற்றிவிட்டால் என்ன?’ என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு பெரியவர்களுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றுகிறது என்றால் அதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று விழுங்கிவிட்டேன்.

தேநீருக்குப் பின் பேராசிரியரின் முகத்தில் ஒளி வந்தது.

“சமத்துவம்னா என்ன? ஒருத்தருக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம். லிஃப்ட்டை நிறுத்திடுவோம்.”

“நிறுத்தினா கரண்டும் மிச்சம்,” என்றார் அண்ணன்.

இருவரும் எழுந்து தழுவிக்கொண்டார்கள். இத்தனை நாளாக இரு துருவங்களாக நின்ற இரண்டு நீதிகளும் ஒரே சுவிட்சில் சங்கமித்தன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“நாளையிலேர்ந்து நாம எப்படி மேல வர்றது?” என்று அண்ணன் கொஞ்சம் தாமதமாகக் கேட்டார்.

“நாம எதுக்கு வரணும்? கீழ ஹால் சும்மாத்தானே கிடக்கு. மக்களோட மக்களா தரைத்தளத்துல இருப்போம்.”

“அப்ப மேல் மாடியெல்லாம் பூட்டிடுவீங்களா?” என்றார் அக்கா. குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

“பூட்டினாலும் கூட்டணும்மா,” என்றார் அண்ணன். “ஆள் இல்லாத இடத்துலதான் தூசி சீக்கிரம் படியும்.”

“ஏறி வர்றது நான் ஒருத்திதானுங்களே. அப்ப என் முட்டி?”

“இனிமே உங்களை யாரும் தனியாப் படியில ஏறச் சொல்ல மாட்டாங்க. எல்லாருக்குமே படிதான். சட்டப்படி நீங்களும் நாங்களும் சமம்,” என்று பேராசிரியர் கைகூப்பினார்.

அக்காவும் கைகூப்பினார். “நல்லா இருங்க சாமி,” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினார்.

“அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதினே?” என்று அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

“‘அப்ப என் முட்டி?’ன்னு கேட்டாங்க அண்ணே. அப்படியே எழுதிட்டேன்.”

“அடிச்சிட்டு ‘நெகிழ்ந்தார்’னு போடும்மா.”

போட்டேன். அது சரியான சொல்தானா என்று தெரியவில்லை. வகுப்பில் கேட்க வெட்கமாக இருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: ‘சமத்துவம் மலர்ந்த இடம்’ என்று பொறித்த பித்தளைப் பலகை காலையில் வந்து சேரும். ஐந்தாம் மாடியில் மாட்ட வேண்டும். கனமானது என்று கடைக்காரர் சொன்னார். அக்காவைச் சீக்கிரமே வந்து மேலே தூக்கிப் போகச் சொல்ல வேண்டும்.