நேராக்கப்பட்ட வரப்பு

உலகத்தில் ஒழுங்கு இன்னும் மிச்சமிருக்கிறதென்றால், அதற்கு எங்கள் மண்வளப் பாதுகாப்பு அலுவலகம்தான் காரணம். அங்கே வேலை பார்க்கிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தேன்.

சரிவு நிலத்தில் மழைநீர் மேல்மண்ணை அரித்துப் போகாமலிருக்க, ஒரே மட்டத்தில் வரப்பு போட வேண்டும். சரிவு வளைகிற இடத்தில் வரப்பும் வளையும். மேட்டுநிலத்து அக்காவுக்கு முக்கோணச் சட்டமும் தூக்குக்குண்டும் வைத்து மூன்று நாள் மட்டம் குறித்துக் கொடுத்தவள் நான். மண் வெட்டிப் போட்டது அக்காவும் அவள் புருஷனும். விதைத்தும் விட்டார்கள். அங்கே மண் ஒரு சாண்தான். அதற்குக் கீழே பாறை.

அப்போது மேலிடத்து ஆய்வுக்குழு வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் அதிகாரி காரை விட்டு இறங்காமலே நிலத்தைப் 'பார்வையிட்டார்'.

“என்னம்மா இது, பாம்பு போன தடம் மாதிரி?”

“சரிவு அப்படி சார்.”

“குழு ரோட்ல இருந்துதான் போட்டோ எடுக்கும். கோணலா இருந்தா நம்மள என்ன நினைப்பாங்க?”

அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: 'வரப்புகளின் ஒழுங்கீனம்'. அக்காவும் 'பயனாளி' என்ற முறையில் அழைக்கப்பட்டாள். கதவோரம் நிற்க இடமும் தரப்பட்டது.

“நேரா போட்டா வரப்பு நடுப்பள்ளத்துல இறங்கும் சார்,” என்றாள். “தண்ணி மொத்தமும் அங்க சேர்ந்து உடைச்சிக்கிட்டுப் போயிடும்.”

“தண்ணி எங்க போகணும்னு நீங்க சொல்லித் தர்றீங்களா?”

“அதுக்கு யாரும் சொல்லித்தர வேணாம் சார். அதான் பயமே.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீ சயின்ஸ் படிச்சவ. ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் எது?”

“நேர்கோடு சார்.”

“பாருங்க, அறிவியலே சொல்லிடுச்சு.”

அக்கா என்னைப் பார்த்தாள். இன்னொரு வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது.

ஆட்களையும் கயிற்றையும் அனுப்பி வரப்புகளை நேராக்கினோம். குழு வந்தது, ரோட்டிலேயே நின்று படம் எடுத்தது, மெச்சியது. படம் உண்மையிலேயே அழகு.

மூன்றாம் நாள் மழை பெய்தது. பள்ளத்தில் வரப்பு உடைந்தது. அந்த ஒரு சாண் மண் விதையோடு ரோட்டுக்கு இறங்கி வந்தது.

அதிகாரி பதறவில்லை. “எழுதிக்கோ. சேதத்துக்குக் காரணம், 'எதிர்பாராத இயற்கைச் சீற்றம்'. அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா.”

படிவத்தோடு போனேன். அக்கா வெறும் பாறை மேல் நின்றிருந்தாள்.

“படி, கேக்குறேன்.”

படித்தேன்.

“எவ்வளவு மழைம்மா பெஞ்சுது?”

“வழக்கமா பெய்யிறதுதான்க்கா.”

படிவத்தில் விரல் வைத்தாள்.

“அப்ப அதை அடிச்சிட்டு உங்க சார் பேரை எழுது,” என்றாள். “கீழயே உன் பேரையும் எழுது. படிச்ச பொண்ணு, தப்பில்லாம எழுதுவே.”