கரடிப் பாதப் படை

விஸ்பி,
திருவிழா முடிந்த மறுவாரம்

மதிப்புக்குரிய டோர்க்னி மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் இல்வா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, முஸ்ஸே நாய் சுகமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி என் கோபம்.

நேரில் பேச வந்தால் எனக்கு வாயில் காற்றுதான் வரும். அந்தத் தைரியத்தில்தானே என்னை ஏமாற்றினீர்கள்? பள்ளியைப் பாதியில் விட்ட என்னை உள்ளே சேர்த்தது, அருங்காட்சியகத்துக்குப் படம் செய்யும் இந்தச் சின்ன அலுவலகம் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஒரு பழங்காலப் போர்வீரனை உயிரோடு நிற்கவைத்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி குன்ஹில்ட். பழங்காலத்தைப் போலவே உடுத்தி முகாமிடும் நம் ஊர்த் திருவிழாவுக்கு நீங்கள் மாட்டும் கவசத்தை நான் நம்பினேன். விழா முகாமில் பிளாஸ்டிக் கரண்டியால் கஞ்சி குடித்த பையனை, "அந்தக் காலத்துல ஏதுடா பிளாஸ்டிக்கு? எந்திரிடா!" என்று விரட்டியவர் அல்லவா நீங்கள்! உங்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, ஒவ்வொரு துருவையும் நெளிசலையும் அப்படியே செய்தேன். தோள்வாரில் தொங்கிய பித்தளைப் பாதத்தைக் காட்டி, இது என்ன மாமா என்று கேட்டேனா இல்லையா? "அது கரடிப் பாதம்மா. அந்தக் குலத்துச் சின்னம்" என்றீர்கள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை! நானும் உருகிப்போய் அதையே கேடயத்தில், கொடியில், குதிரைத் துணியில் எல்லாம் போட்டேன். ஒருவனைச் செய்தால் போதும், அவனையே நகலெடுத்துப் படையாக்கிவிடலாம். படையாக்கினேன்.

போட்டுக் காட்டியபோது அருங்காட்சியகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "ஏம்மா, படை மொத்தமும் நாய்க் கழுத்துப்பட்டி கட்டியிருக்கு? எங்க வீட்டு நாய்க்கும் இதேதான்!"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது எரிந்தது. மாமா, தொப்பை வளர்ந்து வார் அறுந்தால் புது வார் வாங்க வேண்டியதுதானே? முஸ்ஸேயின் பட்டியை ஏன் உருவினீர்கள்? அந்த வாயில்லா ஜீவன் விழா முழுக்கக் கயிற்றில் திரிந்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா நமக்குள்ள சரிவராது" என்றார் குன்ஹில்ட். ஆத்திரத்தில் அந்த வாரை மட்டும் அழித்துவிட்டுப் படத்தை ஓட்டினேன். கவசத்தைத் தாங்கியதே அதுதானாம்! வாளை உயர்த்திய அத்தனை வீரர்களின் கவசமும் காலடியில் கழன்று விழ, எல்லோரும் உள்சட்டையோடு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் குன்ஹில்ட். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வேலை போச்சு, உங்களால்! இனி உங்கள் வீட்டுக் குங்குமப்பூ அப்பத்தை நான் தொடமாட்டேன்.

உங்கள் கவசம் துருப்பிடிக்கட்டும். முஸ்ஸேக்கு மட்டும் என் முத்தங்கள்.

மரியாதை குறையாத கோபத்துடன்,
இல்வா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குன்ஹில்ட் கூப்பிட்டார். கவசம் விழும் காட்சியை அருங்காட்சியகத்தில் குழந்தைகள் பகுதிக்கு அப்படியே கேட்கிறார்களாம். எனக்கு வேலை நிரந்தரமாம். இன்னும் படமெடுக்க வேண்டும், திங்கட்கிழமை கவசத்தோடு வாருங்கள். வார் மாற்றியிருந்தால் மறுபடி முஸ்ஸேயின் பட்டியையே கட்டுங்கள். அப்பத்துக்குப் பாலேடு அதிகமாக இருக்கட்டும்.