மாப்பிள்ளை வயதும் தகுதிச் சுற்றும்

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.
12-2-1962, திங்கட்கிழமை.

ஈப்போ ரயில்வே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் என் மதிப்பிற்குரிய மைத்துனரும், வருகிற ஆவணி முதல் என் சம்பந்தியும் ஆகவிருக்கிற வடிவேலு அவர்களுக்கு, சிங்கப்பூரில் மாவு மில் நடத்திவரும் உங்கள் தங்கை கணவன் மருதப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் தங்கை பூவம்மாவும், உங்கள் வருங்கால மாப்பிள்ளை தனசேகரனும் முருகன் அருளால் சௌக்கியம். மில்லும் சௌக்கியம். அங்கு உங்கள் சௌக்கியம், குழந்தை லட்சுமியின் சௌக்கியம், உங்கள் ரத்தக் கொதிப்பின் சௌக்கியம் ஆகியவற்றைத் தெரியப்படுத்தவும். கொதிப்பைப் பற்றி நான் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தயவுசெய்து இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதன் அடியில் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். கிடைத்தால் சேகர் சனிக்கிழமை ஆசிய இளைஞர் காற்பந்துப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆடுவான். கிடைக்காவிட்டால் அவன் பெயரை அடித்துவிட்டு வேறொரு பையன் பெயரை எழுதிவிடுவார்கள். இவ்வளவுதான். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற மனிதராக நீங்கள் இருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும். நீங்களோ ஸ்டேஷன் மாஸ்டர். பார்சல் ரசீதைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் படிக்கிறவர். ஆகையால் நான் மேற்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு அணிக்கு ஆள் பொறுக்குவதற்காக ஜாலான் புசார் திடலில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். நம் சேகருக்கு வலது ஓரத்தில் இடம். எனக்குப் பந்தாட்டத்தில் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டை என்பது மட்டும்தான் என்றாலும் பெற்ற மனம் கேட்கவில்லை, மில்லைப் பூட்டிவிட்டுப் போனேன், பூவம்மாவும் குடையோடு கிளம்பிவிட்டாள், போன இடத்தில் ஒரு தடியன் சேகரின் காலை வாரிவிட்டதும் இவள் குடையை நீட்டிக்கொண்டு "ரெஃப்ரி! கண்ணு இருக்கா இல்லையாய்யா?" என்று எழுந்து நின்றாள், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவில் சேகர் எழுந்து மூன்று பேரைத் தாண்டிப் பந்தை வலைக்குள் போட்டுவிட்டான், நான் சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு சீனக் கிழவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன், அவர் கையிலிருந்த கச்சான் பூத்தே கடலை அத்தனையும் கொட்டிப்போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் சட்டையில் ஒட்டிய என் மில் மாவைத்தான் அதிகம் தட்டினார்.

அன்று சாயங்காலமே காதர் மைதீன் வந்துவிட்டார். சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். நம் வட்டாரப் பிள்ளைகளின் பந்தாட்டக் குழுவைப் பதினைந்து வருஷமாக நடத்துகிறவர். "அண்ணே, சேகரு செலக்ட் ஆயிட்டான் லா! வயசுக்கு ஒரு அத்தாட்சி மட்டும் குடுங்க, நாளைக்கே கமிட்டியில சேத்துடுறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சேகரின் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை ஆணியோடு பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன். இப்படியொரு மடத்தனத்தை எந்தத் தகப்பனும் செய்திருக்க மாட்டான்.

அதில் சேகரின் பிறந்த தேதி 20 நவம்பர் 1941 என்று இருக்கிறது. அது உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்தத் தேதியைப் பள்ளிக்கூடத்தில் சொன்னதே நீங்கள்தான். ஆனால் இந்தப் போட்டியில் ஆடுகிறவன் 1942-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டுமாம். கமிட்டியில் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு நாள் மூத்துவிட்டான், ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சேகர் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். சோறு வைத்தால் தொட மாட்டேன் என்கிறான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கும் இரண்டு நாள் போகவில்லை.

மச்சான், இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா?

சேகர் 1941-இல் பிறக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடிதம் கிடையாது, ஒரு தகவல் கிடையாது. அவன் போன மறுவருஷம் நீங்கள் லட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எம்மவ நாப்பத்திரெண்டு பங்குனியில பொறந்தா. ஒங்க பையன் எப்ப?" என்று கேட்டீர்கள். பூவம்மா அதற்கு முந்தின ஒரு வாரமாக, அண்ணனுக்குப் பெண் பிறந்திருந்தால் இவனுக்குத்தான் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள். பெண் மூத்தவள், பையன் இளையவன் என்றால் நீங்கள் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பூவம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "அதுக்கு முந்தின நவம்பர் இருவது" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தேதி எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் பையனை மேலும் கீழும் பார்த்து, "நாலரை வயசுக்கு ரொம்பக் குட்டையா இருக்கானே" என்றீர்கள். "மரவள்ளிக்கெழங்கு தின்னு வளந்த புள்ள மச்சான்" என்றேன். உங்கள் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் நீங்கள் அவனுக்குப் பால்மாவு டின்னும் நெய்யும் ரயிலின் கார்டு வேனில் ஏற்றி அனுப்பினீர்கள். அவன் குட்டையாக இருந்ததற்குக் காரணம் அவனுக்கு வயது மூன்று என்பதுதான்.

பிறகு நாற்பத்தெட்டில் நீங்களே லீவு போட்டு வந்து, அவன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், பெரிய வாத்தியாரிடம் கணீரென்று நவம்பர் இருபது என்று சொன்னபோது நான் பின்னால் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளையை ஏழு வயதுப் பையன்களோடு உட்கார வைத்தேன். பள்ளிக்கூடம் முடியும்வரை அவன்தான் வகுப்பில் சின்னவன். எல்லாரும் அவனை அடித்தார்கள். அடி வாங்காமல் இருக்க ஓடினான். பெரிய பையன்களின் கைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஓடி ஓடித்தான் இன்று வலது ஓரத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. என் பொய்தான் அவனுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது, இப்போது அதே பொய் அவனை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை மச்சான்.

சரி, உண்மையான பிறப்புப் பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு நானே கமிட்டி ஆபீசுக்குப் போனேன். அது ஜப்பான்காரன் கொடுத்த பத்திரம். அவனுடைய கணக்கில் வருஷம் போட்டிருப்பான். அங்கே மேசையில் இருந்த வாலிபன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிறந்த வருஷம் 2603-ன்னு இருக்கே அங்கிள். ஒங்க மகன் பொறக்க இன்னும் அறுநூத்தி நாப்பத்தோரு வருஷம் இருக்கு. வயசு பத்தாது" என்றான். ஆபீஸே சிரித்தது. நல்லவேளையாக உள்ளேயிருந்து செயலாளர் அப்துல் முத்தலிப் வந்தார். அந்தக் காலத்தைப் பார்த்தவர். அறுநூற்று அறுபதைக் கழித்து, "1943, பிப்ரவரி 18" என்று அமைதியாகச் சொன்னார். பையனுக்கு இன்னும் பத்தொன்பதே முடியவில்லை. நான் அந்த மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? இல்லை. "பள்ளிக்கூடத்தில ஒண்ணு, பத்திரத்தில ஒண்ணு. எதை நம்புறது? பள்ளிக்கூடத்தில ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டார். ஒரு ஆபீஸ் முழுக்கச் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மைத்துனர் பெண்ணைவிட என் மகன் இளையவன் என்பதை மறைப்பதற்காக என்று சொன்னேன். முத்தலிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தகப்பன் சொல் மட்டும் போதாது, நெருங்கின சொந்தக்காரர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நெருங்கின சொந்தம் என்று கடலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு யார் இருக்கிறார்கள், உங்களைத் தவிர?

வெளியே வந்ததும் காதர் மைதீனிடம் சொன்னேன், ஆவணியில் தாலி கட்டும்வரை பொறுத்து, அதற்குப் பிறகு மச்சானிடம் சொல்லலாமா என்று. அவர், "அண்ணே, பொய் சொல்லிப் பொண்ணு வாங்கிடலாம். பந்து ஆட முடியாது லா" என்றார். மேலும், "மேட்ச்சு சனிக்கெழம" என்றும் நினைவூட்டினார்.

ஆகவே மச்சான், இத்துடன் உள்ள தாளில், "தனசேகரன் என் மகள் லட்சுமியைவிடப் பதினொரு மாதம் இளையவன் என்பது உண்மை" என்று எழுதியிருக்கிறது. இதை நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு நிமிஷம் தாமதமாக வந்த ரயிலுக்கே மூன்று பக்கம் விளக்கம் கேட்கிறவர் நீங்கள். பதினாறு வருஷம் என்னிடம் ஏமாந்தீர்கள். என்னைத் திட்டுங்கள், செருப்பால் அடிப்பேன் என்று எழுதுங்கள், சம்பந்தமே வேண்டாம் என்றாலும் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அப்படித்தான் என்றால் அதையும் ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். கையெழுத்தை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். பையன் நிரபராதி. அவனுக்கு இந்தப் பொய்யில் எந்தப் பங்கும் இல்லை.

இன்னொன்று. இந்த விஷயம் எக்காரணம் கொண்டும் லட்சுமி காதுக்கு எட்ட வேண்டாம். பூப்போன்ற பெண். கட்டிக்கொள்ளப் போகிறவன் தன்னைவிடச் சின்னவன் என்று தெரிந்தால் துவண்டுபோவாள். அந்தப் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவாவது இதை நம் இருவர் நடுவிலேயே வைத்துக்கொள்வோம்.

குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பும், லட்சுமிக்கு மாமாவின் ஆசியும். உங்கள் கொதிப்புக்குப் பூவம்மா தினம் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறாள்.

மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
மருதப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் காதர் மைதீன் மூச்சிரைக்க ஓடி வந்தார். இனி உங்கள் கையெழுத்து தேவையில்லை. சேகர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இன்று காலைத் தபாலில் ஈப்போவிலிருந்து கமிட்டிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியது லட்சுமி. சேகர்தான் விஷயத்தை அவளுக்கு எழுதி, கமிட்டியின் சாட்சித் தாள் ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறான். அவர்கள் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொள்வது எனக்கும் இப்போதுதான் தெரியும். "அவன் என்னைவிடப் பதினொரு மாதம் சின்னவன், இது எனக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும், பூவம்மா அத்தை சொன்னார்கள், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறாள். பூவம்மாவைக் கேட்டால் மிளகாய் புடைக்கப் போய்விட்டாள். ஆக, நம் குடும்பத்தில் அந்த நவம்பர் இருபதை நம்பிக்கொண்டிருந்தது நீங்கள் ஒருவர்தான் மச்சான்.

பதினொரு மாதக் குழந்தையாக இருந்தவள் எப்படிச் சாட்சி சொல்ல முடியும் என்று கமிட்டியில் ஒருவர் ஆட்சேபித்தாராம். அதற்கு முத்தலிப், "எந்தப் பொண்ணும் தன்னை மாப்பிள்ளைக்கு மூத்தவள்னு பொய்யா எழுத மாட்டா. இதைவிடப் பெரிய சாட்சி ஏது?" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்ததாம். சாட்சிக்கும் ஆட்டக்காரனுக்கும் என்ன உறவு என்று எழுத வேண்டிய இடத்தில் லட்சுமி "மனைவி" என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக, "ஆவணியிலிருந்து" என்று போட்டிருக்கிறாள்.