பன்முகத்தன்மையை மரத்தடிக்கு அனுப்பிய நாள்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. எதிரே வரும் வெள்ளைக்காரர் எங்கே போகவேண்டும் என்பது அவரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி வழி காட்டிவிடுவோம். ஆசிரமம் நேரே, கிரிவலப் பாதை இடது கைப் பக்கம், ஏடிஎம் எதிர்ப்பக்கம். இந்த மூன்றையும் விட்டால் அவருக்கு எங்கள் ஊரில் வேறு வேலை இருக்கக்கூடும் என்று நாங்கள் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை நார்வேயைப் பார்க்கவில்லை.

அப்போது நான் பி.எட். இரண்டாம் ஆண்டு. ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். (அப்பாவும் போயிருக்கிறார், ஓட்டுப் போட.) எங்கள் கல்லூரிக்கும் நார்வேயில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. அங்கே ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே வந்து எங்கள் வகுப்புகளைப் பார்ப்பார்கள். பிறகு எங்களில் ஒருவர் மூன்று வாரம் அங்கே போய் அவர்கள் பள்ளிகளைப் பார்க்கலாம். வாசலில் பேனர் கட்டியாயிற்று: ‘ஆசிரியர் கல்வியில் பன்முகத்தன்மையும் பன்னாட்டுப் பரிமாற்றமும்.’ எழுத்து நெருக்கமாகிப் போனதில் தேதிக்கு இடமில்லை.

யார் போவது என்பதை அவர்களுடைய பேராசிரியர் ஒரு மாதிரி வகுப்பைப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. அந்த வகுப்பை எடுக்கப் பிரின்சிபால் என்னைத் தேர்ந்தெடுத்தார். என் அறிவுக்காக அல்ல. என் பாடத்திட்ட நோட்டு கல்லூரியிலேயே சுத்தமானது. ஸ்கேல் வைக்காமல் நான் ஒரு கோடும் போட்டதில்லை. வகுப்பு சொதப்பினால் அடுத்த இடத்தில் என் வகுப்புத் தோழி கௌசல்யா இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் மொழிபெயர்க்கும் வேலையையும் அவளிடமே கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் சொன்னேன்.

“எத்தினி வருசம் காண்ட்ராக்ட்டு?” என்றார் அப்பா.

“மூணு வாரம்பா.”

“மூணு வாரத்துல இன்னாடா வேல செய்வ?”

“வேல இல்லப்பா. அங்க எப்படிப் பாடம் நடத்தறாங்கன்னு பாத்துட்டு வரணும்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “வேடிக்க பாக்கறதுக்கா ஏரோப்ளேன்ல இட்டுகினு போறாங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை டீக்கடையில் அந்தச் செய்தி, பையன் நார்வே பள்ளிக்கூடங்களை இன்ஸ்பெக்ஷன் செய்யப் போகிறான் என்று மாறியிருந்தது. அம்மா அக்கம்பக்கத்தில் கம்பளி விசாரிக்க ஆரம்பித்தாள். மாமா ஒருவர் என்னை முதல் முறையாக ‘வாங்க’ என்றார். இனிமேல் போகாமல் இருக்க முடியாது என்கிற நிலைமை இரண்டே நாளில் உருவாகிவிட்டது.

நான் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தது அடி அண்ணாமலை போகும் வழியில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல். விருந்தினர்களுக்குப் பன்முகத்தன்மை பிடிக்கும் என்பதால் இந்திய மாநிலங்களின் பண்பாடு என்று பாடம் வைத்துக்கொண்டேன். இருபத்து நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மாநிலம். பஞ்சாபுக்கு என் துண்டில் தலைப்பாகை. கேரளாவுக்குத் தலைமையாசிரியர் வீட்டு வேட்டி. காஷ்மீருக்கு மங்கி கேப்பும் ஸ்வெட்டரும். கேள்விகளையும் பதில்களையும் நானே எழுதி, முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக ஆளுக்கொன்று மனப்பாடம் செய்ய வைத்தேன். நான் எந்தக் கேள்வி கேட்கிறேன் என்று யாரும் காதில் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. முன்னால் இருப்பவன் உட்கார்ந்ததும் அடுத்தவன் எழுந்து தன் பதிலைச் சொன்னால் போதும். ஆறு நாள் ஒத்திகையில் கடிகாரம் மாதிரி ஓடியது.

நான்கு பேர் மட்டும் இடித்தார்கள். ரிங்கியின் அப்பா வேங்கிக்காலில் கட்டட வேலை செய்யும் பீகார்க்காரர். அவளுக்குத் தமிழ் வராது என்று நான் முடிவு செய்திருந்தேன். லட்சுமி வீட்டில் தெலுங்கு, வாசிக்கும்போது இழுப்பாள். மணி இருளர் வீட்டுப் பையன். வகுப்பில் வாயே திறந்ததில்லை. நான்காவது அஸ்லம். அவனுக்குத் தமிழ் என்னைவிட நன்றாக வரும். அவன் கேள்வி கேட்பான், அதுதான் பிரச்சினை. ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் நால்வரையும் பள்ளிக்குப் பின்னால் புங்க மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு நல்ல பிள்ளைகளைக் கடன் வாங்கி அந்த இடங்களில் வைத்தேன். (மேலதிகாரி வந்தால் இப்படிச் செய்வது எல்லாப் பள்ளியிலும் உண்டு என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். பாடத்திட்டத்திலேயே இருக்கிறது என்று நம்பினேன்.) ரிங்கியின் பீகார், அடி அண்ணாமலை தினேஷுக்குப் போனது.

விருந்தினர்கள் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு நான் பஞ்சாபின் தலைப்பாகையோடு வாசலில் நிற்கும்போது ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காட்டன் குர்தா, தோளில் துணிப்பை, காலெல்லாம் செம்மண், செருப்பு கையில். பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் ஆங்கிலத்தில் ஆசிரமம் நேரே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, தன் பெயர் இங்ரித் என்றார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்களைப் பார்வதி என்றும் சாந்தி என்றும்கூட அறிமுகம் செய்துகொள்வார்கள். பெயரை வைத்து முடிவுக்கு வரும் பழக்கம் எங்களுக்கு இல்லை. இன்றைக்கு முடியாது மேடம், வெளிநாட்டிலிருந்து முக்கியமானவர்கள் வருகிறார்கள் என்று விளக்கினேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு, நல்லது, காத்திருக்கிறேன் என்றார்.

வாசலில் விட்டால் வேன் வரும்போது குறுக்கே நிற்பார். அவரையும் அழைத்துக்கொண்டுபோய்ப் புங்க மரத்தடியில் உட்கார வைத்தேன்.

“அஸ்லம், இந்த அம்மாவ பாத்துக்கோ. நான் சொல்ற வரைக்கும் முன்பக்கம் வரக் கூடாது.”

“தியானம் பண்ண வந்தவங்களா சார்?”

“ஆமா. தொந்தரவு பண்ணாத.”

“பாத்தா கேள்வி கேக்கற மாதிரி கீறாங்களே சார்.”

பதினொரு மணிக்கு வேன் வந்தது. பிரின்சிபால் இறங்கினார், அவர் பின்னால் கௌசல்யா, பிறகு உயரமாக மூன்று நார்வேக்காரர்கள். மூவரில் தாடி வைத்திருந்தவரைப் பேராசிரியர் என்று கண்டுபிடித்து மாலை போட்டேன். அவருக்கு இருபத்திரண்டு வயது. மாலையை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

“ஏம்பா வேலு, மேடம் எங்க?” என்றார் பிரின்சிபால். “வழியிலேயே எறங்கி நடந்து வரேன்னாங்க. ஒரு மணி நேரம் ஆச்சே.”

“வரல சார்,” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

மேடம் வந்து சேர்ந்துகொள்வார், நீ ஆரம்பி என்றார். ஆரம்பித்தேன். பத்து நிமிடம் வகுப்பு பிரமாதமாகப் போனது. பஞ்சாப் கோதுமை என்றது, கேரளா தென்னை என்றது, காஷ்மீர் வியர்த்தது. கௌசல்யா எல்லாவற்றையும் மெல்லிய குரலில் மொழிபெயர்க்க, தாடிக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார். தினேஷ் எழுந்தான்.

“நான் பீகாரிலிருந்து வருகிறேன். எங்கள் உணவு சப்பாத்தி.”

“சார், நான்தான் சார் பீகார்,” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ரிங்கி நின்றிருந்தாள். “எங்க வூட்ல மத்தியானம் சோறுதான் சார் துன்றோம். சப்பாத்தி நைட்டுக்குத்தான்,” என்றாள். மூன்று வருடமாக வேங்கிக்காலில் வளர்ந்த தமிழ். என்னிடம் ஒரு வார்த்தை பேசாததற்குக் காரணம், நான் அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அவளுக்குப் பின்னால் மற்ற மூவர். அஸ்லமின் கையைப் பிடித்தபடி அந்த அம்மா.

நான் அவரை நோக்கி, ஆசிரமம் இருக்கும் திசையில் கையை நீட்டினேன். அதே நேரத்தில் பிரின்சிபால் எழுந்து, “வாங்க மேடம், வாங்க,” என்றார். மாலை போட்டிருந்த தாடிக்காரர் தன் நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வரைபடத்தின் பக்கம் கொண்டுபோய் ராஜஸ்தானைத் தொட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்த நொடியில் என்னை விட்டுப் போனது. அதிகம் இல்லாததால் சீக்கிரமே போய்விட்டது.

நால்வரும் தங்கள் இடத்துக்குப் போனார்கள். எட்டாம் வகுப்பு நல்ல பிள்ளைகள் நால்வரும் நல்ல பிள்ளைகளாகவே எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். கேள்வி வரிசை மாறிவிட்டது. பதில்கள் மாறவில்லை.

கை ராஜஸ்தானில் இருந்ததால், ஒட்டகம் எங்கே அதிகம் என்று கேட்டேன். “கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில்,” என்றது சிக்கிம். அங்கே மக்கள் என்ன உடுத்துவார்கள் என்றேன். “மீன்,” என்றது வங்காளம். நிறுத்தியிருக்கலாம். ஆனால் நோட்டில் இன்னும் ஆறு கேள்விகள் இருந்தன. நோட்டில் இருப்பதை விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆறையும் கேட்டேன். கௌசல்யா ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தாள்.

கடைசியில் அஸ்லம் கையைத் தூக்கினான். “சார், இவங்க நாட்லயும் வேற பாஷ பேசறவங்க கீறாங்களாம். முன்னாடி அவங்க பசங்கள ஸ்கூல்ல அந்தப் பாஷையே பேசக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்களாம். நம்ம ஊர்ல எப்படி சார்?”

அது அடுத்த பாடம் என்றேன். அப்படி ஒரு பாடம் இல்லை.

பிறகு ஆசிரியர் அறையில் கருத்துரை. இங்ரித் மேடம் பேசப் பேச, கௌசல்யா தமிழில் சொன்னாள். இன்று தான் பார்த்ததில் சிறந்த வகுப்பு மரத்தடியில் நடந்ததுதான் என்றார் மேடம். வகுப்பில் வாயே திறக்காத மணி, மலையில் முளைக்கும் செடிகளைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினானாம். லட்சுமி தெலுங்கிலும் ரிங்கி தன் வீட்டுப் பேச்சிலும் பெயர் சொன்னார்களாம். (அது போஜ்புரி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.) அஸ்லம் உருதுவில் சொன்னதோடு எல்லாவற்றையும் ஆங்கிலப்படுத்தவும் செய்திருக்கிறான். அவன் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. பாதி வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுக்காரர்கள். இதை யார் திட்டமிட்டது என்று மேடம் கேட்டார்.

பிரின்சிபால் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் மாணவர்தான் மேடம், மரத்தடிக் கல்வி என்று இதற்குப் பெயர் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கம்பளியும் மாமாவின் ‘வாங்க’வும் நினைவுக்கு வந்தன. தலையை ஆட்டினேன். நார்வே அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

மேடத்துக்கு மிகவும் சந்தோஷம். அதை எப்படித் திட்டமிட்டு எழுதினேன் என்று பார்க்கவேண்டும் என்றார். பிரின்சிபால் பெருமையோடு என் நோட்டை எடுத்து அவரே கொடுத்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று அந்த முறை பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள்: ‘எதிர்பார்க்கும் இடையூறுகளும் தீர்வும்.’ மற்றவர்கள் இடையூறு மின்தடை, தீர்வு சன்னலைத் திறப்பது என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். நான் உண்மையாக உழைப்பவன். மேடம் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். கௌசல்யா படித்துப் பார்த்துவிட்டு, “வேலு, இதையும் சொல்லணுமா?” என்று மெதுவாகக் கேட்டாள். “சொல்லும்மா, சொல்லு,” என்றார் பிரின்சிபால்.

சொன்னாள். “இடையூறு: நான்கு மாணவர்கள். தீர்வு: மரத்தடி.” அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். பக்கத்தில் மேற்பார்வை ஆசிரியரின் பச்சை மைக் கையெழுத்தும் இருந்தது.

மேடம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தானும் அந்த இடையூறுகளில் சேர்த்தியா என்றார். இல்லை மேடம், நீங்கள் திட்டத்திலேயே இல்லை என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அது. தாடிக்காரர் சிரித்துவிட்டு, மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

கௌசல்யா நார்வே போனாள். நான் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, “அந்தப் புள்ளைங்க இன்னாடா தப்புப் பண்ணிச்சுங்க?” என்றார்.

“தமிழ் சரியா வராதுப்பா.”

“உனக்கு வாயே வரலன்னு உங்க ஒண்ணாவது டீச்சர் ஒரு வருசம் செடிக்குத் தண்ணி ஊத்த வெச்சாங்களே. அப்ப நீ எந்த ஊரு பாஷடா பேசின?” என்றார். பிறகு, “நீ அவங்கள வெளிய உக்கார வெச்ச. அவங்க உன்ன உள்ளூர்லயே உக்கார வெச்சிட்டாங்க. சரியாப் போச்சு, துன்னு,” என்று சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

மற்ற ஊராக இருந்தால் இந்தக் கதை ஒரு வருடத்தில் மறந்திருக்கும். எங்கள் ஊரில் நூறடிக்கு ஒரு வெள்ளைக்காரர் எதிரே வருகிறார். வீட்டில் யாராவது ஒருவர், “எந்தக் காலேஜுன்னு கேளுடா,” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியர், யாரையும் மரத்தடிக்கு அனுப்புவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

போன மாதம் அப்பாவோடு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். மனு கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மூடியிருந்த ஒரு கடை வாசல் சிமெண்ட் திட்டில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அவரிடம் போய்க் கும்பிட்டார்.

“வணக்கம் சார். எந்தக் காலேஜுங்க?”

“காலேஜ் இல்லீங்க. பால் வாங்க வந்தேன், கடை இன்னும் தொறக்கல,” என்றார் அவர், தமிழில்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா, கேட்டா சொல்றாங்க,” என்றார்.