மேல இமைத் தெருவில் இரண்டு குழிகள்

ஒரு காட்டில், மரங்களைவிட வரிசைகள் நீளமாக வளர்ந்திருந்த ஒரு காட்டில், பிலோமி என்றொரு புள்ளிமான் இருந்தாள்.

அவளுக்கு ஐந்து மாதக் குட்டி. அது அழுதால் ஏன் அழுகிறது என்று பயந்தாள். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயந்தாள். மூச்சு வருகிறதா என்று ராத்திரிக்கு எட்டுத் தடவை அதன் மூக்கருகே காதை வைத்துப் பார்த்தாள். இப்படிப் பார்த்துப் பார்த்தே அவளுடைய மேல் இமைகள் இரண்டிலும் குழி விழுந்துவிட்டது. மான்விழி, மான்விழி என்று காடே கொண்டாடிய கண்கள் இப்போது கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தன.

அழகு போனதில் அவளுக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரிய கவலை வேறு.

பிரசவ விடுப்பு முடிந்து அவள் மேய்ச்சல் அலுவலகத்துக்குப் போகும் நேரத்தில் குட்டி காப்பகத்தில் இருக்கும். அந்தக் காப்பகத்தில் புதிதாக முகம் பார்க்கும் மெஷின் வைத்தார்கள். திங்கட்கிழமை மாலை பிலோமி அதன் முன்னால் நின்றாள். மெஷின் சிவப்பாக எரிந்தது. "முகம் பொருந்தவில்லை" என்றது.

காப்பகத்தின் தலைவி சிஸ்டர் வண்ணாத்திக்குருவி கறுப்பு வெள்ளை உடுப்போடு பறந்து வந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"பிலோமி, சிஸ்டர். காலையில நான்தானே குட்டியைக் கொண்டுவந்து விட்டேன்!"

"நீங்க கர்ப்பமா இருக்கும்போதே இடம் பிடிக்கக் கொடுத்த படம் இது. இதுல கண்ணு மேல மேடா இருக்கு. உங்களுக்குப் பள்ளமா இருக்கு."

உள்ளேயிருந்து குட்டி "அம்மா!" என்று கத்தியது.

"பாருங்க சிஸ்டர், அதுவே சொல்லுது."

"குட்டி கத்துறது ஆவணம் ஆகாது."

"அப்போ படத்தை மாத்திடலாமே?"

"படம் மாத்தத் தொண்ணூறு நாள் ஆகும். முகம் மாத்த எத்தனை நாள் ஆகும்னு டாக்டரைக் கேளுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அன்னைக்கும் பொருந்தலேன்னா, உங்க குட்டி உரிமை கோரப்படாத குட்டிகள் அறைக்குப் போகும். ரூல்னா ரூல்தான்."

மறுநாள் பிலோமி டாக்டர் கொக்கிடம் ஓடினாள். டாக்டர் ஒற்றைக்காலில் நின்று அவளுடைய இமைகளை மீனைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வழி இருக்கும்மா. முதல் வழி ஊசி. பிசின் மாதிரி ஒரு ஜெல்லைக் குழிக்குள்ள ஏத்துவோம். வீங்கலாம், கட்டி தட்டலாம். ரொம்ப அபூர்வமா, ஜெல் ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா பார்வையே போகலாம். இங்க ஒரு கையெழுத்து."

பிலோமி பேனாவைக் கீழே வைத்தாள். "பார்வை போயிட்டா என் குட்டியை எப்படிப் பார்ப்பேன் டாக்டர்?"

"மெஷின் உங்களைப் பார்த்தாப் போதாதா? சரி, ரெண்டாவது வழி. உங்க இடுப்புலேருந்து கொழுப்பை எடுத்து இமையில வைக்கறது." டாக்டர் அவளை ஒருமுறை சுற்றி வந்தார். "ஆனா உங்ககிட்ட கொழுப்பே இல்லையேம்மா."

"இதை மட்டும் லெட்டர்பேடுல எழுதிக் கொடுங்க டாக்டர். என் மாமியார்கிட்ட காட்டணும்."

"மூணாவது அறுவை. நம்ம தையல்சிட்டு இமையைச் சரிபண்ணித் தைச்சிடும். கூடு தைச்சுப் பழகின கை."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"வீக்கம் வடிய நாளாகும். வெள்ளிக்கிழமை மெஷின் உங்களைத் தவளைன்னு சொல்லும்." டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நாலாவதா ஒண்ணு இருக்கு. தூங்கிப் பார்க்கறது."

"அதை எந்த ஆஸ்பத்திரியில பண்றாங்க டாக்டர்?"

டாக்டர் காலை மாற்றிக்கொண்டார்.

பிலோமி குட்டியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஊசிக்கே கையெழுத்துப் போட்டாள். "நல்லது. ராஜா காப்பீட்டுல பண்ணிடலாம். இ-சேவை மையத்துல ஒரு மனு கொடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

இ-சேவை மையத்தில் நாற்பத்திரண்டு முயல்களுக்குப் பின்னால் நின்று, பிலோமி ஜன்னலை அடைந்தாள். உள்ளே குரங்கு, திரையிலிருந்து தலை தூக்காமலே கேட்டது.

"என்ன வேணும்?"

"குழி நிரப்பணுங்க."

"எத்தனை குழி?"

"ரெண்டு."

"எந்த இடம்?"

"மேல... இமை."

"மேல இமைத் தெரு," என்று குரங்கு தட்டியது. "அடுத்தது!"

கவுன்டரில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று பள்ளியில் சொல்லி வளர்த்திருந்ததால், பிலோமி தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றவர் சாலைத்துறை மேற்பார்வையாளர் காட்டுப்பன்றி. காட்டிலுள்ள பாதிக் குழிகளைத் தோண்டியவரும் அவர்தான். கையில் டேப், பின்னால் தார் வாளி.

"மேல இமைத் தெரு எதும்மா?"

பிலோமி கண்ணைக் காட்டினாள். அவர் டேப்பை வைத்து அளந்தார். பிறகு வாளியைத் தூக்கினார்.

"ஐயோ அண்ணே, தார் ஊத்தாதீங்க!"

"பயப்படாத தங்கச்சி. நாங்க எந்தக் குழியிலயும் தார் ஊத்தினதே இல்ல. வாளி சும்மா படத்துக்கு. மனு வந்தா முடிச்சதாக் காட்டணும். வேலைக்கு முன் படம் ஒண்ணு, பின் படம் ஒண்ணு, அவ்வளவுதான்."

முன் படம் எடுத்தார். குழி நன்றாகவே விழுந்தது.

"பின் படத்துக்கு என்ன அண்ணே பண்ணுவீங்க?"

"வழக்கமா பக்கத்து ரோட்டைப் போடுவோம். உன்கிட்ட பழைய படம் ஏதாவது இருக்கா?"

பிலோமி காப்பகத்துக்குக் கொடுத்த படத்தின் இன்னொரு பிரதியைக் கொடுத்தாள். அவர் இரண்டு படங்களையும் ஒரு சான்றிதழ்ப் படிவத்தில் ஒட்டினார். அதன் கீழே ஏற்கெனவே அச்சடித்திருந்தது: 'குழி நிரப்பப்பட்டது. மேற்கண்ட இரு படங்களும் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டவை எனச் சான்றளிக்கிறேன்.' சீல் வைக்கப் போனவர் அந்தக் கடைசி வரியை இன்னொருமுறை படித்துவிட்டுக் கூச்சப்பட்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த வரி உண்மையா இருக்கறது இதுதாம்மா முதல் தடவை."

மாலை ஆறு மணி. மெஷின் மறுபடியும் சிவப்பாக எரிந்தது. சிஸ்டர் வண்ணாத்திக்குருவி உரிமை கோரப்படாத குட்டிகள் அறையின் சாவியை எடுத்தாள். காட்டுப்பன்றி சீல் வைத்துக் கொடுத்த சான்றிதழைப் பிலோமி நீட்டினாள். சிஸ்டர் படங்களை அரை நொடி பார்த்தாள். சீலை ஐந்து நிமிடம் பார்த்தாள்.

"முதல்லயே இதைக் கொண்டுவந்திருக்கலாமே! அடடா, இப்போ கண்ணு எவ்வளவு மேடா இருக்கு!" என்று கதவைத் திறந்தாள்.

குட்டி பாய்ந்து வந்தது. எப்போதும்போல அம்மாவின் இமைக்குழியில் மூக்கை வைத்து அழுத்தியது. சரியாகப் பொருந்தியது.

நீதி: கண்ணில் விழுந்த குழிக்கு டாக்டரிடம் போகாதே, ரோடு போடுகிறவரிடம் போ. தொடாமலேயே மூடிக் கொடுப்பார்.